கொடிக்குக் கட்டிய திரி

என் தம்பி டாக்டருக்குப் படிக்க மனு போட்டதைச் சொல்ல வேண்டுமானால், துணி காயப்போடும் கொடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வேறு எங்கே ஆரம்பித்தாலும் நான் அங்கேதான் வந்து நிற்பேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நேராகச் சொல்ல வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கவயலில் எங்களுடையது கம்பெனி லைன் வீடு. சுவர் மூங்கில் தட்டி, கூரை தகரம். ஒரு வரிசைக்கு ஆறு வீடு. வாசலுக்கு முன்னால் நாலடி இடம் இருக்கும். அடுப்பு, கோழிக் கூடை, குளிக்கிற கல் எல்லாம் அதற்குள்தான். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது, கையை ஆட்டித்தான் சொல்ல வேண்டும். பூமிக்கு அடியில் பாறை வெடித்துச் சரிந்தால் மேலே எங்கள் வீடு குலுங்கும். பலகையில் இருக்கும் லோட்டா தானாக நகர்ந்து வந்து கீழே விழும். அம்மா முதலில் லோட்டாவை எடுத்து வைப்பாள். அப்புறம்தான் யார் வீட்டு ஆள் எந்த ஷிப்டில் இருக்கிறான் என்று யோசிப்பாள். அப்படி லோட்டா விழுந்த ஒரு காலையில்தான் அப்பா போனார். அவருடைய டிக்கெட் எனக்கு வந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. தம்பிக்கு ஆறு, தங்கைக்கு நாலு.

டிக்கெட் என்பது எண் அடித்த பித்தளை வில்லை. ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் இறங்கும்போது அதைக் காட்டி இறங்குவோம், ஏறும்போது காட்டி ஏறுவோம். டிக்கெட் இருந்தால் வேலை உண்டு. வேலை இருந்தால் வீடு, ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. கோர்ட்டில் தண்டனை என்று ஒரு பேச்சு வந்தால் டிக்கெட்டைப் பிடுங்கிவிடுவார்கள். டிக்கெட் போனால் கொஞ்ச நாளில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். கம்பெனி வெள்ளைக்காரன் கையிலிருந்து சர்க்கார் கைக்கு மாறிய பிறகும் இது மாறவில்லை. நாங்களும் கம்பெனி என்று சொல்வதை விடவில்லை.

எனக்கு வெடி வைக்கிறவருக்குக் கையாளாக வேலை. பாறையில் துளை போட்டு மருந்தை அடைத்து, அதில் திரியைச் செருகி விடுவோம். திரி என்றால் சுண்டுவிரல் பாதி கனம், வெள்ளை நூல் சுற்றிய கயிறு. நடுவில் கருமருந்து ஓடும். ஒரு முனையில் நெருப்பு வைத்தால் நிதானமாக எரிந்துகொண்டு போய், ஆட்கள் ஒதுங்கிய பிறகு மருந்தைத் தொடும். அடியில் எங்கே பார்த்தாலும் தண்ணீர் சொட்டும். நனைந்த திரி உதவாது, வெட்டி எறிந்துவிடுவோம். அப்படி எறிந்ததை இடுப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவதுதான் எங்கள் பழக்கம். துணி காயப்போட அதைவிட நல்ல கயிறு உலகத்தில் கிடையாது. வெயிலில் இற்றுப் போகாது, மழையில் தொய்யாது, வேட்டியில் கறை படாது. எங்கள் லைனில் தொட்டில் கட்டினதும் அதில்தான், பாடை கட்டினதும் அதில்தான்.

மேலே வந்ததும் வாட்ச்மேன் சோதிப்பான். வாயைத் திறக்கச் சொல்வான், தலைமுடியைக் கோதிப் பார்ப்பான். எல்லாம் தங்கத்துக்காக. இடுப்பில் கை பட்டால், "கொடிக்கா?" என்பான். "ஆமாண்ணா." "போ." அவன் வீட்டுக் கொடியும் அதுதானே.

இரண்டு வருஷம் அந்தக் கொடி எங்கள் வாசலில் கிடந்தது. அந்த இரண்டு வருஷ வெயிலில் நனைந்த திரி காய்ந்து திரும்பவும் நல்ல திரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் திரியோடு புழங்குகிறவன் நான். எனக்கே தோன்றவில்லை.

தம்பி அப்போது பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு டாக்டர் ஆசை எப்போது வந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. சின்ன வயசில் கறி எடுக்கிற நாளில் எலும்பை மென்று துப்ப மாட்டான். தட்டில் வரிசையாக அடுக்குவான், இது தோள், இது முட்டி என்று. அம்மா கத்துவாள்:

"துண்றியா, இல்ல அத்த எழுப்பி நடக்க வுடப் போறியா?"

"இரும்மா, ஒண்ணு கொறையுது. அண்ணன் தட்டுல கீது பாரு."

என் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போவான். எங்கள் லைனில் அதுவரைக்கும் ஒருவர்கூட டாக்டருக்குப் படித்ததில்லை. டாக்டர் என்றால் கம்பெனி ஆஸ்பத்திரியில் நாக்கை நீட்டச் சொல்கிறவர், அவ்வளவுதான். இவன் பி.யூ.சி. முதல் பரீட்சையில் வாங்கிய மார்க்கைப் பார்த்து, "இந்தப் பையனை விடாதே" என்று காலேஜ் வாத்தியார் ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார். அதிலிருந்து நான் கேஜில், சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் இரும்புக் கூண்டில், இறங்கும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். வேடிக்கைதான்.

அந்தச் சமயத்தில், பக்கத்து ஊர் ஏரியில் எவனோ சுரங்க வெடியைப் போட்டு மீன் பிடித்திருக்கிறான். ஒருத்தன் கை போய்விட்டது. மருந்து எங்கிருந்து வந்தது என்று போலீஸ் லைன் லைனாக வந்தது. குழாயடியில் பெண்களுக்கு முதலிலேயே செய்தி வந்துவிட்டது. மற்ற ஐந்து வீட்டிலும் திரியை அவிழ்த்துவிட்டுத் தேங்காய் நார்க் கயிறு கட்டினார்கள். அம்மா அன்றைக்குப் பார்த்து வீட்டுத் துணி முழுவதும் துவைத்துப் போட்டிருந்தாள்.

"காயட்டும், அப்பறம் அவுக்கலாம். ஈரத்தோட எங்க கொண்டு போய்ப் போடறது?" என்றாளாம்.

நான் காலை ஷிப்ட் முடிந்து வந்தபோது எங்கள் வாசலில் கும்பல். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கான்ஸ்டபிள் கொடியை ஒரு பக்கம் அறுத்துவிட்டான். துணியெல்லாம் மண்ணில் கிடந்தது.

"இது நனஞ்ச திரி சார். பத்தாது. உதவாதுன்னு தூக்கிப் போட்டது" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

சப்-இன்ஸ்பெக்டர் தீப்பெட்டியை எடுத்து அறுத்த முனையில் வைத்தார். நெருப்பு சீறிக்கொண்டு புகையோடு மறு முனையைப் பார்த்து நகர்ந்தது. அம்மா ஈரப் பாவாடையால் அதை அடி அடியென்று அடித்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் என்ன. வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர். தமிழ் உடைத்து உடைத்துப் பேசுவார். "ஏனப்பா, நனைஞ்ச திரியா இது? எனக்கு ஒரு ஆள் வேணும். யார் வர்றது, நீங்களே பேசி நாளைக்கு ஸ்டேஷன் அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் கேட்டிருப்பார்.

இங்கே எங்கள் லைனின் இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். சில்லறைக் கேஸ் எது வந்தாலும் டிக்கெட் உள்ளவன் கோர்ட்டில் நிற்கக் கூடாது. டிக்கெட் இல்லாத ஆள்தான் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். சாராயக் கேஸுக்குப் பெண்டாட்டி நிற்பாள். சீட்டாட்டக் கேஸுக்கு மச்சான் நிற்பான். போலீஸுக்கும் இது தெரியும், அவர்களுக்கும் கேஸுக்கு ஒரு தலை வந்தால் போதும். இதற்கென்றே அடுத்த லைனில் ஒரு பெரியவர் இருந்தார். சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கேஸ்காரர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ஒரு பொட்டலம் பிரியாணிக்கும் வெற்றிலை பாக்குக்கும் யாருக்காக வேண்டுமானாலும் போய் நிற்பார். ஒரு வருஷத்தில் அவர் சாராயம் காய்ச்சியிருக்கிறார், இரண்டு பேரை அடித்திருக்கிறார், ஒரு ஆட்டைத் திருடியிருக்கிறார். எதையும் செய்யாத மனிதர். ஆடு விஷயத்தில் மட்டும் அவருக்கு வருத்தம். "ஆட்டுக் கேஸ்ல நின்னேன், ஒரு துண்டு கறி கண்ணுல காட்டல" என்பார்.

அந்த வாரம் அவர் குடியாத்தத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு மாமா வந்தார். யூனியனில் இருந்தவர். தட்டி ஓரத்தில் குந்திக்கொண்டு சொன்னார்: "நீ நிக்கக் கூடாது. நின்னா டிக்கெட் போச்சு. உங்கம்மாவ நிக்க வெக்கறதும் நல்லாயில்ல, வயசானவ. பெரியவரு வர்ற வரைக்கும் போலீஸ்காரன் பொறுக்க மாட்டான்."

தம்பி உள்ளே பாயில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்:

"நான் நிக்கறேன் மாமா. எனக்கின்னா டிக்கெட்டா கீது போறதுக்கு?"

நான் வேண்டாம் என்று சொன்னேனா? சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். எவ்வளவு யோசித்துப் பார்த்தாலும் அப்படி ஒன்று நினைவுக்கு வரவில்லை. மாமா அவன் முதுகில் தட்டி, "படிச்ச பையன் படிச்ச பையன்தான்" என்றார். அம்மா அவனுக்கு மட்டும் முட்டை ஊற்றிக் கொடுத்தாள். வேலையில் இருப்பவனுக்குத்தான் இழப்பதற்கு ஏதோ இருக்கிறது, படிக்கிறவனுக்கு ஒன்றுமில்லை என்று எங்கள் ஆறு வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் நினைத்தோம். அவனும் அப்படித்தான் நினைத்தான். அப்போது அவனுக்குப் பதினெட்டு முடிந்து சில மாதங்கள்.

கோலாரில் கோர்ட்டு. பஸ்ஸில் போனோம். அவன் கூண்டில் ஏறி, குப்பை மேட்டில் கிடந்த திரியை எடுத்துக் கொடி கட்டினேன் என்றான். அபராதம், அதோடு கோர்ட்டு கலைகிற வரைக்கும் காவல். காவல் என்றால் அந்த அறையிலேயே ஓரத்து பெஞ்சில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் வெளியிலிருந்து போண்டா வாங்கிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தனுப்பினேன். மறைத்து மறைத்துத் தின்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில், மற்ற கேஸ்களில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று குரலை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். ஊர் வருகிற வரைக்கும் சிரித்தோம்.

அடுத்த கோடையில் அவன் முதல் வகுப்பில் தேறினான். பெங்களூர் மெடிக்கல் காலேஜ் ஒன்றிலிருந்து பாரம் வாங்கி வந்தான். அரிசி டின்னைக் கவிழ்த்து, அதன் மேல் பாரத்தை வைத்து எழுதினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசலில் வருகிற கோழியை விரட்டிக்கொண்டிருந்தேன். பேர், அப்பா பேர், ஊர், மார்க் என்று சொல்லிக்கொண்டே எழுதினவன் ஒரு இடத்தில் நின்றான்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எழுது."

"இதுவரைக்கும் எந்தக் கோர்ட்லயாவது தண்டன வாங்கிகீறியான்னு கேக்கறான்ணா."

கோழி உள்ளே வந்துவிட்டது. நான் விரட்டவில்லை.

"இல்லன்னு எழுது."

"போலீஸ் ஸ்டேஷன்ல நடத்த சர்ட்டிபிகேட் வாங்கி இதுகூட வெக்கணுமாம். அதுல வந்துடும்."

ஸ்டேஷனுக்குப் போனோம். பழைய சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் சின்ன வயசு. பதிவேட்டைப் புரட்டினார். தம்பி பேர் வந்த இடத்தில் விரலை வைத்து, அவனை ஏற இறங்கப் பார்த்தார். சர்ட்டிபிகேட்டில் அவர் எழுதியது ஒரே வரி. தம்பி வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று படித்துச் சொன்னான். அதில் கொடி இல்லை, துணி இல்லை, அம்மாவின் பாவாடை இல்லை. வெடிபொருள் சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்டவர் என்று இருந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

திரியை எடுத்தது அவன்தான் என்று ஊரில் ஒருவரும் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியைப் படிக்கிறவன் ஊர்க்காரன் இல்லையே. அவன் கண்ணுக்கு என் தம்பி குண்டு வைக்கிறவன்.

அப்போதே எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் பேட்டிக்கு வரச் சொல்லிக் காகிதம் வந்தது. அதுதான் கொடுமை. கடைசியில் மறுக்கப் போகிறார்கள் என்றால் கூப்பிட்டிருக்கவே கூடாது. அம்மா சுவரில் மாட்டியிருந்த புத்தர் படத்துக்குப் பூ வைத்தாள். மாமா தன் கோட்டைக் கொடுத்தார். தோளில் பெரிதாக இருந்தது. விடியற்காலை ரயிலில் பங்காருபேட்டை போய், அங்கே வண்டி மாறி, பெங்களூரில் இறங்கினோம்.

காலேஜ் பெரிய கட்டடம். தாழ்வாரத்தில் பையன்கள் அப்பாக்களோடு நின்றார்கள். எல்லா அப்பாவும் ஷூ போட்டிருந்தார்கள். நான் வெளியே மரத்தடியில் இருந்துகொள்கிறேன் என்றேன். அவன் விடவில்லை.

"இங்கியே குந்துண்ணா. யாரு இன்னா கேக்கப் போறாங்க?"

அவனை உள்ளே கூப்பிட்டார்கள். மற்றப் பையன்கள் போன வேகத்தில் வந்தார்கள். இவன் வரவில்லை. நான் தாழ்வாரத் தரையில் பதித்திருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று தீட்டின கல், எங்கள் அடிப் பாறை மாதிரிக் கறுப்பு. கொஞ்ச நேரம் கழித்துக் காக்கிச் சட்டை போட்ட பியூன் வெளியே வந்து, அவனோடு வந்த பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். நான் எழுந்துகொண்டேன்.

உள்ளே நீள மேஜை. அதற்குப் பின்னால் மூன்று பேர். தம்பி நின்றுகொண்டிருந்தான். நடுவில் இருந்தவர் வெள்ளைத் தலை, தமிழ் நன்றாகப் பேசினார். என் செருப்பைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"நீங்க இவருக்கு அண்ணனா?"

"ஆமா சார்."

"மைன்ஸ்ல என்ன வேலை?"

"வெடி வெக்கறவருக்குக் கையாளு சார்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்தவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வெள்ளைத் தலைக்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். அந்தத் தணிவு இப்போதும் என் காதில் இருக்கிறது.

"தம்பி நல்ல மார்க் வாங்கியிருக்கார். நாங்க கேட்டதுக்கெல்லாம் பதிலும் சொன்னார். இந்த ஒரு விஷயம்தான். நான் உங்ககிட்ட நேரா கேக்கறேன். அந்தத் திரி உங்க மூலமா வீட்டுக்கு வந்ததா? இல்ல, இவர்தான் எடுத்தாரா?"

அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் என்ன வேலை என்று சொன்னதுமே தெரிந்துவிட்டது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தார். நான் உள்ளே ஒரு அடி வைத்தால் போதும். தம்பி என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன்தான் சார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று நான் பிற்பாடு நிறையக் காரணம் வைத்துக்கொண்டேன். நான் ஒப்புக்கொண்டால் காகிதம் கம்பெனிக்குப் போகும், டிக்கெட் போகும், அம்மாவும் கட்டிக்கொடுக்காத தங்கையும் தெருவில் நிற்பார்கள் என்று. தம்பி கோர்ட்டில் பொய் சொன்னான் என்று ஆகிவிடும் என்று. எல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் அந்த நேரத்தில் இதில் ஒன்றையும் நான் நினைக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் கேட்டால் டிக்கெட் உள்ளவன் சொல்கிற பதில் ஒன்றுதான். அது தானாக வந்தது.

வெள்ளைத் தலைக்காரர் பைலை மூடி, நாடாவைக் கட்டினார். "சரி, போகலாம்" என்றார்.

திரும்பும் ரயிலில் தம்பி வேர்க்கடலை வாங்கினான். உடைத்து உடைத்து என் கையில் போட்டான். மாலூர் தாண்டியதும் அவனே சொன்னான்:

"நீ சொன்னது சரிதாண்ணா. நான் உள்ள, நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டேன். நீ வந்து மாத்திச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் பொய்யனாயிருப்போம்."

அவன் திட்டியிருக்கலாம். நான் கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள்.

"இன்னாடா கேட்டாங்க?"

"கொடிக் கயிறப் பத்திக் கேட்டாங்கம்மா."

"டாக்டருக்குப் படிக்கறவனுக்குக் கொடிக் கயிறு எதுக்கு?"

"புண்ணு கட்டறதுக்கு" என்றான். அம்மா நம்பினாள். அவளுக்கு இதில் என்ன நடந்தது என்று கடைசி வரைக்கும் தெரியாது. அபராதம் கட்டினதோடு கேஸ் முடிந்தது என்றே நினைத்திருந்தாள். நார்க் கயிற்றைப் பற்றித்தான் அவளுக்குக் குறை. "நனஞ்சா தொங்குது, காஞ்சா முள்ளு முள்ளா கீது. அந்தத் திரி மாதிரி வராது" என்று துணி போடும்போதெல்லாம் சொல்வாள். தம்பி கேட்டுக்கொண்டு இருப்பான்.

பட்டியல் வந்தது. அதில் அவன் பேர் இல்லை.

மறு வருஷம் திரும்பப் பாரம் வந்தபோது நான், "இந்தத் தபா நான் போய் உண்மைய சொல்லிடறேன். டிக்கெட் போனா போவட்டும்" என்றேன். அவன் வேண்டாம் என்றான். அவனுக்குச் சொல்லாமல் கோலார் போய்க் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவரைக் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"எழுதிக் குடுக்கறேன். எழுதினா மொதல்ல உம்மேல கேஸ் வரும். அப்பறம் கோர்ட்ல பொய் சொன்னான்னு உன் தம்பி மேல இன்னொண்ணு வரும். இப்ப ஒரு கேஸ் கீது, அப்ப மூணா ஆயிடும். எழுதட்டுமா?"

"வேணாங்க."

"அந்தப் பெரியவர் ஊர்ல இருந்தாரா அன்னிக்கு?" என்று கேட்டார். கேஸ்காரரைக் கோலார் வரைக்கும் தெரிந்திருந்தது.

"இல்லீங்க. குடியாத்தம் போயிருந்தாரு."

"த்ச்" என்றார்.

தம்பி இரண்டாவது வருஷமும் எழுதினான். அந்தக் கேள்விக்கு நேராகப் போன தடவை மாதிரியே ஆம் என்று எழுதினான். பேட்டிக்கே கூப்பிடவில்லை. மூன்றாவது வருஷம் பாரம் வாங்கி வந்து அரிசி டின் மேல் வைத்தான். அது ரொம்ப நாள் அங்கேயே இருந்தது. பிறகு அம்மா அதன் மேல் மிளகாய் காயவைத்தாள். அவன் பங்காருபேட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். தினமும் காலை ரயிலில் போய்ச் சாயந்திரம் வருவான், சட்டையில் மருந்து வாசனையோடு. லைனில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வந்து கேட்பார்கள். "டாக்டரப் போய்ப் பாருங்க" என்பான். வேறு ஒன்றும் சொல்ல மாட்டான். தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான். எலும்பையும் மற்றவர்கள் மாதிரி மென்று துப்பக் கற்றுக்கொண்டான்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் என் டிக்கெட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. அப்புறம் இருமல் வந்தது, பாறைத் தூசி இருமல். கேஜிலிருந்து வீடு வரைக்கும் நடப்பதற்குள் மூன்று இடத்தில் நிற்பேன். கம்பெனி ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்து, டாக்டர்கள் போர்டு முன்னால் நிறுத்தினார்கள். அங்கேயும் ஒரு நீள மேஜை. ஓரத்தில் இருந்த டாக்டருக்குத் தம்பி வயசுதான் இருக்கும். படத்தை வெளிச்சத்தில் பார்த்தார், அன்ஃபிட் என்று எழுதினார். அவ்வளவு நேரம்தான். ஆபீஸ் ஜன்னலில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கிளார்க் எண்ணைக்கூடப் பார்க்காமல் தகர டப்பாவில் போட்டான்.

படத்தைப் பழுப்பு உறையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் தம்பி கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். உறையை வாங்கினான். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று வாசலுக்கு வந்தான். கொடியில் துணி கிடந்தது. ஒரு வேட்டியை ஒதுக்கிவிட்டு, என்னை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தி, படத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கச் சொன்னான். அவன் எனக்கு எதிரே நின்று, வெயில் ஊடுருவ அதைப் பார்த்தான். படத்துக்கு அந்தப் பக்கம் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. அவன் விரல் மட்டும் நிழலாக என் விலா எலும்புகளின் மேல் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது.

"எங்கடா கீது?"

"ரெண்டு பக்கமும்ண்ணா. மேலருந்து பொடிப்பொடியா. இங்க கொஞ்சம் சேந்துடுச்சு." பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு இடமாகச் சொன்னான். போர்டில் இருந்த டாக்டர் இதில் ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லை.

பேட்டி அறையில் நான் சொன்ன பதிலைப் பற்றி ஒரு நாளும் அவனிடம் வாய் திறந்ததில்லை. டிக்கெட்தான் போய்விட்டதே. அவன் முகமும் தெரியவில்லை.

"அன்னிக்கு அந்த ரூம்புல, நான்தான்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தேன். படம் ஆடியது.

"ஆட்டாம புடிண்ணா" என்றான். "இன்னும் பாத்து முடிக்கல."